சான்றிதழ் இல்லாத அரியர்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகளில் அதிகம் பேர் புரட்டிப் பார்க்காத ஒரு பத்தி உண்டு. கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்குத் தேர்வு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தரலாம். எழுத்துப் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் மதிப்பெண் இடலாம். சொல்வதை எழுதுபவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம் என்கிறது அது. இணைப்புக் கல்லூரிகள் பலவற்றின் கையேடுகளில் அப்படியே மறுபதிப்பாகும் பத்தி இது. தாராளமான விதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு தந்த சான்றிதழ் இருந்தால்தான் இது எதுவும் நடக்கும். வடசென்னைக் கல்லூரிகளின் மாணவர்களில் யாரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினால், விதி யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது மெல்லப் புரியும்.

திருவொற்றியூரிலிருந்து மணலி போகும் வழியில் இருக்கிறது சாத்தாங்காடு. பாரிமுனைச் சந்துகளில் அடைந்து கிடந்த இரும்பு வணிகத்தை நகருக்கு வெளியே கொண்டுபோக சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு, எஃகு அங்காடி இங்கேதான் இருக்கிறது. கம்பி, தகடு, ஆங்கிள், எடைமேடை, டிரெய்லர் லாரி என்று நாள் முழுக்க ஓசை. சுற்றிலும் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, கண்டெய்னர் முனையங்கள். இங்கே சுமை ஏற்றுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், எடைச் சீட்டு எழுதுகிறவர் ஆகியோரின் பிள்ளைகள்தான் இப்போது தங்கள் குடும்பங்களில் முதல்முறையாகக் கல்லூரிப் படி ஏறுகிறார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபின், பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரிக்கும் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரிக்கும் போய்வருவது முன்பைவிட எளிது. மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாயும் சேர்ந்து அவர்களை வகுப்பறைவரை கொண்டுவந்திருக்கின்றன. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47; நாடு முழுவதற்கும் 28.4. இத்தனை பேர் உள்ளே வரும்போது, வாசிப்பதே பெரும் பாடாக இருக்கும் பிள்ளைகளும் அவர்களோடு வரத்தான் செய்வார்கள். அமெரிக்க உளவியல் மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்கு வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ கற்றல் குறைபாடு இருப்பதாக மதிப்பிடுகிறது. இதில் பாதிப் பேர் பள்ளியோடு நின்றுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் அறுபது பேர் கொண்ட பி.காம். வகுப்பில் ஒருவரேனும் இருப்பார். அவரிடம் சான்றிதழ் இருக்காது, அரியர் இருக்கும்.

சட்டத்தில் குறையில்லை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு நிலைகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதற்கென ஒரு கட்டம் கிடையாது. 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் பட்டியலை 21 ஆக விரித்து, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடு, வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வு, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் மாற்றம் செய்யும் கடமை எல்லாம் அதில் உண்டு. குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிவதும் கல்வி நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது அதன் 16ஆம் பிரிவு. கல்லூரிகள் மிக வசதியாக மறந்த வரி அதுதான். கண்டறிவது பள்ளியின் வேலை, சலுகை தருவது மட்டுமே எங்கள் வேலை என்று அவை தங்களுக்குள் முடிவு செய்துகொண்டுவிட்டன.

இந்தச் சட்டத்துக்காக 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலைப் படித்தால் சிக்கலின் வேர் தெரியும். எட்டு வயது ஆனபிறகே சான்றிதழ். 14 வயதில் மீண்டும் ஒருமுறை. 18 வயதில் இன்னொருமுறை. அந்தக் கடைசிச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும். மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளையின் தடுமாற்றத்தைக் கவனித்த ஆசிரியர், அதை மருத்துவரிடம் கொண்டுபோகத் தெரிந்த பெற்றோர், இரண்டு மூன்று நாள் கூலியை இழக்கக்கூடிய குடும்பம் என எல்லாம் அமைந்த ஒரு வாழ்க்கையை முன்வைத்து வகுத்த கால அட்டவணை இது. மதிப்பீட்டுக்கு அந்த வழிகாட்டுதல் குறிப்பிடும் கருவி பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய தேர்வுத் தொகுப்பு. அதில் இரண்டு நிலைகள்: 5 முதல் 7 வயதுக்கு ஒன்று, 8 முதல் 12 வயதுக்கு மற்றொன்று. பள்ளியில் யார் கண்ணிலும் படாமல் தப்பிவந்து, பத்தொன்பது வயதில் முதன்முறையாக மருத்துவமனைக் கதவைத் தட்டும் கல்லூரி மாணவரைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கான தாளால்தான் அளக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டு மனப்பாடமும் தந்திரமும் கைகொடுத்து அவர் அதில் தேறிவிடவும் கூடும். தேறிவிட்டால் அவருக்குக் குறைபாடு இல்லை என்றாகிவிடும்.

சாத்தாங்காட்டுக்கு இதைவிடப் பெரிய தடை கற்றல் குறைபாட்டின் வரையறையிலேயே இருக்கிறது. வாசிப்புத் தடுமாற்றத்துக்குப் பார்வைக் கோளாறோ, செவித்திறன் குறையோ, அறிவுத்திறன் குறையோ, முறையற்ற கல்வியோ, வறுமையோ காரணமாக இருக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் கைக்கொள்ளும் நிபந்தனை. மருத்துவ நோக்கில் அது நியாயம்தான். எல்லாத் தோல்விக்கும் நோய்ப்பெயர் சூட்டிவிடக் கூடாதே. ஆனால் தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைப் பார்த்துக்கொண்ட, வீட்டில் நாளிதழ்கூட இல்லாத பிள்ளைக்கு எதனால் வாசிப்பு வரவில்லை என்று யார் பிரித்துச் சொல்வது? வசதியான வீட்டுப் பிள்ளை வாசிக்கத் திணறினால் காரணம் தேடுவார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை திணறினால் காரணம் ஏற்கெனவே தெரியும் என்று விட்டுவிடுவார்கள்.

இந்தச் சாய்வு நேற்று வந்ததல்ல. 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவும் சுறுசுறுப்பும் உள்ள பையன், கணக்கில் கெட்டி, தன் பெயரையே பிழையாக எழுதுகிறான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. வாசிப்புக் குறைபாடு குறித்த ஆய்வு வரலாறு பெரும்பாலும் இந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. நல்ல பள்ளியும் தனி ஆசிரியர்களும் வாய்த்த பிள்ளை என்பதால்தான் மார்கனால் வேறு எல்லாக் காரணங்களையும் தள்ளிவிட முடிந்தது. சென்னையில் 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன், ஆசிரியர் பயிற்சியிலும் தனிக் கற்பித்தலிலும் செய்திருக்கும் வேலை குறைத்து மதிப்பிடத்தக்கதல்ல. இருந்தாலும் டிஸ்லெக்ஸியா என்ற சொல் நகரில் பரவிய பாதை தென்சென்னையின் ஆங்கிலவழிப் பள்ளிகள் வழியாகத்தான் போனது. 2007இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்துச் சிறுவனும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறவன்தான்.

தமிழ்வழியில் படித்தவர் கண்ணில் படாமல் போவதற்கு எழுத்துமுறையும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு கோணல்மாணலானது. குறைபாடு உள்ள பிள்ளை ஒவ்வொரு வரியிலும் தவறாக வாசிக்கும், ஆசிரியருக்கு உடனே தெரியும். எழுத்தும் ஒலியும் பெருமளவு ஒத்துப்போகும் மொழிகளில் நிலை வேறு. ஜெர்மன் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியபடி, அங்கே குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாக வெளிப்படுகிறது. தமிழ் இந்த இரண்டாவது வகைக்கு நெருக்கமானது. 247 எழுத்துகளையும் ஒருவழியாகப் பழகிவிட்ட பிள்ளை எழுத்துக் கூட்டிச் சரியாகவே வாசிக்கும். ஒரு பத்தியை முடிக்க மற்றவர்களைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும், முடிக்கும்போது தொடக்கம் மறந்திருக்கும். லகர ளகர ழகரமும், ரகர றகரமும் கூடுதல் தொல்லை. பேச்சு ஒரு தமிழ், எழுத்து இன்னொரு தமிழ் என்பதால் காதில் விழுந்த சொல்லைத் தாளில் அடையாளம் காண்பதும் தாமதமாகும். இந்திய மொழிகளில் வாசிப்புக் கற்றலைப் பற்றி ஆராய்ந்த சோனாலி நாக், கன்னட எழுத்துத் தொகுதியை முழுதாகக் கைவசப்படுத்தப் பிள்ளைகளுக்கு நான்கைந்து வகுப்புகள் வரை பிடிப்பதைக் காட்டினார். ‘மெதுவாக வாசிக்கும் பிள்ளை’ இங்கே வகுப்புக்கு வகுப்பு உண்டு. அதனால் அதில் யாருக்கும் ஐயமும் வருவதில்லை. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட டாலி என்ற இந்திய மொழிச் சோதனைத் தொகுப்பும் முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில்தான். தமிழுக்கு அப்போது அதில் இடமில்லை.

தொழிற்பகுதி என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 756 குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தை அளந்த ஆய்வு ஒன்று 2009இல் சுற்றுச்சூழல் நலவியல் இதழில் வெளிவந்தது. சராசரி, டெசிலிட்டருக்குச் சுமார் 11 மைக்ரோகிராம். அன்றைய அமெரிக்க எச்சரிக்கை அளவு 10. இன்று அது 3.5. ஈயம் கூடக்கூடப் பதற்றமும் கவனச் சிதறலும் கூடுவதாக ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகள் காட்டின. அந்த ஆய்வு வடசென்னையை மட்டும் பற்றியதல்ல, ஈயம்தான் டிஸ்லெக்ஸியாவைத் தருகிறது என்று அதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது. ஆனால் அன்று ஐந்து வயதாக இருந்த குழந்தைகள் அண்மையில்தான் கல்லூரியைக் கடந்து போனார்கள். சூழலால் வந்ததா, பிறவியிலேயே வந்ததா என்று தரம் பிரித்து, பிறவிக்கு மட்டும் சலுகை என்றால் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் ஆலைப் புகைக்கும் நடுவே வளர்ந்தவருக்கு அது எந்த வகையில் நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

சான்றிதழை வைத்து மாணவரை ஐயப்படும் பழக்கம் நம்முடையது மட்டுமல்ல. பாஸ்டன் பல்கலைக்கழகம் 1990களின் தொடக்கத்தில் கற்றல் குறைபாட்டு மாணவர்களுக்கு அமெரிக்காவே மெச்சும் உதவி மையம் ஒன்றை நடத்தியது. கூடுதல் நேரம், குறிப்பெடுத்துத் தருபவர், அயல்மொழிப் பாடத்துக்கு மாற்றுப் பாடம் எல்லாம் கிடைத்தன. அங்கே உயர்பதவியில் இருந்து பின்பு தலைவரும் ஆன ஜான் வெஸ்ட்லிங்குக்கு இது பிடிக்கவில்லை. மேடைகளில் அவர் சமந்தா என்ற மாணவியின் கதையைச் சொல்லிவந்தார்: முதல் வகுப்பு முடிந்ததும் வந்து தனக்குக் கற்றல் குறைபாடு உண்டு, முன்வரிசை இருக்கை வேண்டும், குறிப்பு வேண்டும், நடுவில் தூங்கிப்போனால் விட்டதை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்றாளாம். கூடவே, மூன்றாண்டுக்குள் எடுத்த புதிய மதிப்பீடு இருந்தால்தான் உதவி என்று பல்கலைக்கழகம் விதியை இறுக்கியது. மாணவர்கள் 1996இல் வழக்குத் தொடுத்தார்கள். அப்படி ஒரு சமந்தாவே இல்லை, அவள் தன் கற்பனை என்று வெஸ்ட்லிங் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1997 ஆகஸ்டில் நீதிபதி பாட்டி சாரிஸ், திரும்பத் திரும்பச் சோதனைக்குப் போகச் சொல்வது தேவையற்ற சுமை என்று தீர்ப்பளித்தார். ஆனால் அயல்மொழிப் பாடத்தை விலக்கித்தான் ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. விலக்கு இல்லை என்பது கல்வியாளர்கள் கூடி விவாதித்து எடுத்த முடிவு என்பதால் மறுஆண்டு அதை ஏற்றுக்கொண்டார். கற்பனைச் சமந்தாக்கள் நம் ஊர்த் துறைத்தலைவர் அறைகளிலும் உலவுகிறார்கள். ‘சும்மா டைம் கேக்கிறாங்க சார்’ என்பது அவர்களின் தமிழ் வடிவம்.

மொழி விலக்கு என்ற சலுகையைப் பற்றி எனக்கு நெடுநாளாகவே ஐயம் உண்டு. இரண்டாம், மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்குத் தரலாம் என்கிறது 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவு. மூன்று மொழி படிக்கும் மத்திய வாரியப் பள்ளிப் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். இருமொழி மட்டுமே உள்ள தமிழ்நாட்டில், தமிழ்வழியில் படித்த சாத்தாங்காட்டு மாணவர் எதை விடுவார்? விட நினைப்பது ஆங்கிலத்தைத்தான். ஆனால் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சரக்கு முகமை அலுவலகங்களில் பில் ஆஃப் லேடிங் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் மேசை வேலை. மற்றவர் லாரிப் பக்கம்தான் போக வேண்டும். அந்த மேசைக்காகத்தானே அவர் பட்டம் படிக்க வந்தார்? விலக்கைவிட அவருக்கு வேண்டியது ஆங்கிலத்தை வேறு வழியில் சொல்லித்தரும் ஓர் ஆசிரியர். அது செலவு பிடிக்கும் வேலை என்பதால் விலக்கு மட்டும் எளிதாகக் கிடைக்கிறது.

கல்லூரிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு 1990களின் இறுதியில் தொடங்கிய சிறப்புத் தேவையுள்ளோருக்கான உயர்கல்வித் திட்டத்தின் மூலம் கல்லூரிகளில் உதவி மையங்களுக்கு நிதி கிடைத்தது. லயோலா கல்லூரியின் வள மையம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் மையம் போன்றவை இந்தத் துறையில் நெடுநாள் உழைத்தவை. பொதுவாக இத்தகைய மையங்கள் பார்வை, செவி, இயக்கக் குறைபாடுகளை மனத்தில் கொண்டு அமைந்தவை. சாய்தளமும் பிரெய்லும் ஒலிநூலும் கண்ணுக்குத் தெரிபவை. ஆய்வுக் குழு வரும்போது படம் எடுத்து வைக்கலாம். மெதுவாக வாசிக்கும் ஒருவருக்கு என்ன செய்தோம் என்பதற்குப் படம் கிடையாது.

உண்மையில் அவருக்குத் தேவைப்படுவது அதிகமில்லை. தேர்வில் சொல்வதை எழுதுபவரைவிட, வினாத்தாளை வாசித்துக் காட்டுபவர் பலருக்கு அதிகம் பயன்படுவார். மத்திய அரசின் 2013, 2018 தேர்வு வழிகாட்டுதல்கள் இருவரையும் அனுமதிக்கின்றன. மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம், ஈடுநேரமும் தரச் சொல்கின்றன. பாடப்பொருள் இன்னொரு தடை. இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் இன்று தமிழ்ப் பக்கத்தையும் படமெடுத்து வாசித்துக் காட்டுகின்றன. ஆனால் கலைக் கல்லூரி மாணவர் படிப்பது பாடநூலை அல்ல. சீனியரின் குயர் நோட்டிலிருந்து எடுத்த ஜெராக்ஸை, அதிலிருந்து எடுத்த இன்னொரு ஜெராக்ஸை. ஓரம் கறுத்து, கடைசி வரி வெட்டுப்பட்டு, பேனாக் கிறுக்கலோடு வரும் அந்தத் தாளை எந்தச் செயலியும் வாசிக்காது. துறை ஆசிரியர் தன் குறிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், கைப்பேசி வைத்திருக்கும் எவரும் அதைக் காதால் படிக்கலாம். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

சான்றிதழின் பிடியை உச்ச நீதிமன்றமும் தளர்த்தியிருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நிலையுள்ள ஒருவருக்கு, நாற்பது விழுக்காடு குறைபாடு இல்லை என்று சொல்லிக் குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரைத் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, நாற்பது விழுக்காடு என்பது இடஒதுக்கீட்டுக்கான அளவு, தேர்வு உதவிக்கு அதை நிபந்தனையாக்க முடியாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு வந்தது. எழுத்துக் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வு மையத்தில் கூடுதல் நேரம் தர மறுத்தது தவறு என்று தீர்ப்பாயிற்று. மறுதேர்வுக்கு மட்டும் நீதிமன்றம் இணங்கவில்லை. அறைக் கண்காணிப்பாளருக்கு விதி தெரியாததன் விலையை மாணவி கொடுத்தார். கல்லூரிப் பருவத் தேர்வுகளிலும் இதுவே நடக்கும். விதி தேர்வு நெறியாளர் அலுவலகத்தில் இருக்கும், அறையில் நிற்பவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது.

எழுபத்தைந்து மதிப்பெண்ணுக்கு வெளித்தேர்வு, இருபத்தைந்துக்கு அகமதிப்பீடு என்பது சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் வழக்கம். இரண்டின் பட்டியலும் ஒரே கணினியில்தான் இருக்கிறது. கருத்தரங்கில் நன்றாகப் பேசி அகமதிப்பீட்டில் இருபதுக்கு மேல் வாங்கியவர், வெளித்தேர்வில் முப்பதைத் தொடவில்லை. பி.காம். மாணவர் கணக்குப் பதிவியல் தாளில் தேறுகிறார், பக்கம் பக்கமாக எழுத வேண்டிய வணிகச் சட்டத் தாளில் மூன்று முறை விழுகிறார். பி.எஸ்ஸி. மாணவருக்குச் செய்முறைத் தாள்கள் எல்லாம் முதல் வகுப்பு, கோட்பாட்டுத் தாள்கள் எல்லாம் அரியர். இப்படிப்பட்ட பெயர்களை முதல் பருவ முடிவு வந்த வாரத்திலேயே பிரித்தெடுத்துவிடலாம். அவர்களில் சிலர் வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வராதவர்களாக இருப்பார்கள், சிலர் படிக்காதவர்களாகவும் இருப்பார்கள். மீதிப்பேரைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி நேரம் பார்த்தால், அதே கேள்விக்கு வாயால் பதில் கேட்டால், யாரை மருத்துவக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்பது தமிழாசிரியருக்கே தெரிந்துவிடும். அனுப்பும் கடிதமும் கூடவே போக ஓர் ஆளும் கல்லூரி தந்தால், ஸ்டான்லி மருத்துவமனையோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையோ சாத்தாங்காட்டிலிருந்து எட்டாத தூரமில்லை. அந்தச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்காமல், அடுத்த பருவத்தின் மாதிரித் தேர்விலேயே அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தந்து மதிப்பெண் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கக் கல்லூரி முதல்வரின் கையெழுத்து ஒன்று போதும்.